போத்கயா: விழித்தவரின் ஏழு வாரங்களைச் சுற்றிவரும் முறை

புத்தர் விழிப்படைந்த இடம் போத்கயா. விழித்தபின் ஏழு வாரங்கள் அவர் இங்கேயே வெவ்வேறு இடங்களில் கழித்தார் என்பது மரபு. அந்த இடத்தில் எழுந்த மகாபோதி கோயில் சுற்றுப்புறத் தரையைவிட ஏறத்தாழ 5 மீட்டர் பள்ளத்தில் இருக்கிறது. கிழக்கு வாயிலில் நுழைந்து படி இறங்கியதும் கண்ணில் படுவது ஐந்தாவது வாரத்தைக் குறிக்கும் தூண். வலப்புறம் மேட்டில் இருப்பது இரண்டாவது வாரம். முதல் வாரமோ கோயிலுக்குப் பின்னால், மேற்கே, அரசமரத்தடியில். அறிவிப்புப் பலகைகளை வழியில் வந்தபடியே படித்துக்கொண்டு போகிறவர்களுக்குக் கதை கலைந்துபோகிறது. புத்தர் எதை அறிந்தார், அறிந்த பிறகு என்ன செய்தார் என்பது விளங்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

கைபேசி உள்ளே கூடாது. வெளியே பெட்டகத்தில் வைத்துவிட வேண்டும். கேமராவுக்குத் தனிச் சீட்டு. நடை காலை 5 மணிக்குத் திறக்கும். கருவறையில் அர்ச்சனை, பெயர்-நட்சத்திரம் சொல்வது எதுவும் கிடையாது. மூன்று முறை விழுந்து வணங்கி, பூவோ விளக்கோ வைத்துவிட்டு நகரலாம். நகரும் முன் சிலையின் வலக்கையைப் பாருங்கள். விரல்கள் கீழே நீண்டு பூமியைத் தொடுகின்றன. 'இந்த இடத்தில் அமர உனக்கு என்ன உரிமை?' என்று, மனத்தை மயக்கித் தடுக்கும் மாரன் கேட்டபோது, சித்தார்த்தர் (புத்தராகும் முன் அவர் பெயர்) நிலத்தைச் சாட்சிக்கு அழைத்த கணம் அது. வானத்திலிருந்து வரம் இறங்கிய காட்சி இந்தக் கோயிலில் எங்கும் இல்லை.

வெளியே வந்து வலம் தொடங்குங்கள். கோயில் எப்போதும் உங்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும்; அதாவது தெற்குப் பக்கமாகப் போய் மேற்கை அடைய வேண்டும். அங்கே மரமும், அதற்கும் கோயில் சுவருக்கும் நடுவே அசோகர் வைத்ததாகக் கருதப்படும் வஜ்ராசனக் கற்பலகையும் (புத்தர் அமர்ந்த இடத்தைக் குறிப்பது) இருக்கின்றன. மூல மரம் இன்று இல்லை. முன்பிருந்த மரம் 1876 புயலில் சாய்ந்தது. இப்போதைய மரம் 1881-இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் கன்னிங்ஹாம் நட்டது. இலை பறிக்கக் கூடாது. உதிர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு இலைக்கும் பலர் காத்திருப்பார்கள்.

உட்கார வேண்டிய இடம் இதுதான். 'போதி' என்ற சொல்லின் வேர் 'புத்': விழித்தல், அறிதல். மரத்துக்குப் போதி என்ற பெயர் பின்னால் வந்தது. நாம் 'ஞானம் பெற்றார்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். பெற்றார் என்றால் கொடுத்தவர் ஒருவர் வேண்டும். இங்கே கொடுத்தவர் யாருமில்லை. 29 வயதில் வீடு துறந்து, ஆறு ஆண்டுகள் உடலை வதைத்து, அது பயன்படாது என்று கண்டு, சுஜாதை தந்த பால்சோற்றை உண்டபின் 35 வயதில் இங்கே அமர்ந்தார். நிரஞ்சனை ஆற்றுக்கு அக்கரையில் சுஜாதை பெயரில் ஒரு தூபி உண்டு, அதையும் பாருங்கள். பட்டினியைக் கைவிட்ட இடத்தைப் பார்க்காமல் விழித்த இடத்தை மட்டும் பார்ப்பது பாதிப் பயணம்.

அந்த இரவு மூன்று யாமங்களாகச் சொல்லப்படுகிறது. முதல் யாமத்தில் தம் முற்பிறவிகளின் நினைவு. இரண்டாவதில் உயிர்கள் தத்தம் வினைக்கேற்ப இறந்து பிறப்பதைக் காணும் கண். பலரும் வியந்து பேசுவது இந்த இரண்டையும்தான். ஆனால் விடுதலை வந்தது மூன்றாம் யாமத்தில்: துன்பம், அதன் தோற்றம், அதன் நீக்கம், நீக்கும் வழி ஆகிய நான்கையும் கண்டு, மனக்கசிவுகள் (ஆசை, அறியாமை போன்ற மன மாசுகள்) முற்றாக வற்றியபோது.

துன்பம் தோன்றும் தொடரைத் தமிழில் நினைக்க விரும்பினால் மணிமேகலை பன்னிரண்டு சொற்களைத் தருகிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். மரத்தடியில் அரைமணி நேரம் அசையாமல் இருந்தால் இதில் ஒரு கண்ணியை நேரே பார்க்கலாம். முழங்கால் வலிக்கும், அது நுகர்வு. 'இது போய்த் தொலைய வேண்டும்' என்று மனம் துள்ளும், அது வேட்கை. வலிக்கும் துள்ளலுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி உண்டு. அதைக் கவனிப்பதுதான் இங்கே செய்யத் தக்க பயிற்சி. ஒளியோ காட்சியோ தெரியும் என்று காத்திருப்பவர்கள் ஏமாற்றத்தோடு எழுந்துபோகிறார்கள். அந்தக் காத்திருப்பே வேட்கை என்பதைப் பார்த்திருந்தால் அவர்களுக்கு அன்றைய நாள் வீணாகியிருக்காது.

பல நாட்டுக் குழுக்கள் பல மொழிகளில் ஓதிக்கொண்டே இருப்பார்கள். அமைதி வேண்டுமென்றால் அதிகாலை நல்லது. பலகை விரித்து நெடுஞ்சாண்கிடையாக வணங்கும் திபெத்தியர்களின் முன்னால் குறுக்கே நடக்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். கயாவில் இறங்கிய நாளிலேயே தரிசனம் என்று திட்டமிட வேண்டாம். வைகாசிப் பௌர்ணமி சிறப்பான நாள்தான், வெயில் மட்டும் கடுமையாக இருக்கும்.

மேற்கிலிருந்து வலமாகவே தொடர்ந்து வடகிழக்கு மேட்டுக்குப் போனால் அனிமேஷ லோசனம், இரண்டாம் வாரம்: இமைக்காமல் மரத்தையே நோக்கி நின்ற இடம். இரண்டாவது சுற்றில் வடசுவரை ஒட்டிய கல் தாமரைகள், மூன்றாம் வாரம் நடந்த நடை. அதே வடக்குப் பக்கம் மதிலருகே, நான்காம் வாரம் தியானித்த ரத்னகரம். பிறகு கிழக்கே, நுழையும்போது பார்த்த அஜபால ஆலமரத்தின் தூண். பிறப்பால் அல்ல, நடத்தையால்தான் ஒருவர் பிராமணர் என்று, கேட்ட ஒரு பிராமணருக்கு விடை சொன்ன ஐந்தாம் வாரம். ஆறாவது, தெற்கே தாமரைக் குளம். மழையில் முசலிந்த நாகம் குடைபிடித்ததை நினைவூட்டுவது.

குளத்திலிருந்து திரும்பும்போது தென்கிழக்கில் இருக்கும் மரத்தைப் பலர் கடந்துபோய்விடுகிறார்கள். ராஜாயதனம், ஏழாம் வாரம். தபுஸ்ஸன், பல்லிகன் என்ற இரு வணிகர்கள் மாவும் தேனும் கொடுத்து முதல் இல்லறச் சீடர்களானது இங்கே. அவர்கள் சொன்னது இரண்டே சரணங்கள் (புகலிடங்கள்): புத்தம், தம்மம். மூன்றாவது சரணமான சங்கம், அதாவது துறவியர் கூட்டம், அப்போது பிறந்திருக்கவில்லை. அதற்குச் சாரநாத் வரை நடக்க வேண்டியிருந்தது. அங்கே அவருடைய பழைய தோழர்களான ஐந்து துறவிகளும் விழித்தெழுந்ததைச் சொல்லும் விநய நூல் (துறவியர் ஒழுக்க நூல்), அப்போது உலகில் ஆறு அருகதர்கள் (முழு விடுதலை அடைந்தவர்கள்) இருந்தார்கள் என்று எண்ணுகிறது. புத்தரையும் அந்த ஆறில் ஒருவராகச் சேர்த்தே.