ஒன்ராறியோ மான் வேட்டைக்கு றைபிள் எடுக்கும்போது: கனதி எங்கே நிற்கிறது?

கடைக்குப் போகமுதல் இரண்டு காரியம் முடிந்திருக்க வேண்டும். ஒன்று துவக்கு லைசென்ஸ். பாதுகாப்புப் பாடநெறியில் சித்தியடைந்து விண்ணப்பித்தாலும், முதன்முறை எடுப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. மற்றது, எந்த வலயத்தில் வேட்டை என்பது. தெற்கு ஒன்ராறியோவின் சில வலயங்களில் மானுக்கு றைபிளே பாவிக்கக்கூடாது. மாகாண வேட்டை விதிக் கையேட்டில் வலய எண்ணைப் பார்க்காமல் காசைக் கொடுக்க வேண்டாம்.

அடர்ந்த காட்டில் மான் பெரும்பாலும் 100 மீற்றருக்குள்தான் கண்ணில் படும். அதற்கு போல்ட் அக்ஷன் (போல்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) றைபிளில் .308 வின்செஸ்டர் தோட்டா தாராளம். மூஸ் என்ற பெரிய மானினமும் நினைப்பில் இருந்தால் .30-06 எடுக்கலாம்.

குழல் 20 அல்லது 22 அங்குலம். ஒரு அங்குலம் குறைந்தால் .308இல் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 20–25 அடி விழும். 24இலிருந்து 20க்கு இறங்கினால் 100 அடிவரை போகும். இந்தத் தூரத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. பற்றைக்குள் திரும்பும்போது அந்த 4 அங்குலம் குறைவது பெரிய சுகம். மருந்து கூடிய மக்னம் தோட்டாவுக்கு மட்டும் 24க்குக் கீழே போகாதீர்கள், சத்தமும் தீச்சுவாலையும்தான் மிச்சம். குழலின் தடிப்பு, வாய்ப்பக்கம் 0.6 அங்குலமளவு இருந்தால் போதும். மெல்லிய குழல் மூன்று வெடியில் சூடேறி, சன்னம் விழும் இடம் நகரத் தொடங்கும். ஆனால் வேட்டையில் கணக்கு குளிர்ந்த குழலின் முதல் வெடிதான்.

இனிச் சமநிலை. கடையில் வெறும் துவக்கைத் தூக்கிப் பார்த்து முடிவெடுப்பதுதான் பலர் விடும் பிழை. போல்டைத் திறந்து அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தபின், ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) பூட்டித் தரச் சொல்லுங்கள். வளையங்களோடு ஸ்கோப் ஒரு இறாத்தலளவு வரும். மகசினில் போலித் தோட்டா நான்கு போட்டால் இன்னுமொரு 100 கிராம். இப்போது அடியில் ஒரு விரலை வைத்துத் துவக்கு நிற்கும் புள்ளியைத் தேடுங்கள். முன் அக்ஷன் ஸ்குரூவிலோ (போல்ட் ஓடும் இரும்புப் பகுதியை ஸ்டொக்கோடு, அதாவது துவக்கின் மர அல்லது பிளாஸ்டிக் உடலோடு, பூட்டும் ஆணி) அதற்கு ஒரு அங்குலம் முன்னாலோ நின்றால் நல்லது. மகசினுக்குப் பின்னால் நின்றால் வாய்ப்பக்கம் லேசாகி, மூச்சு வாங்கும்போது குறுக்குக்கோடு அலையும். மூன்று அங்குலம் முன்னே போனால் மேசையில் வைத்துச் சுடப் பிரமாதம், நின்று சுட இடக்கை களைத்துவிடும். மலிவு பிளாஸ்டிக் ஸ்டொக்கில் சோங்கு (தோளில் வைக்கும் பின்பகுதி) உள்ளே வெறும் கோது, அதனால்தான் முன்பாரம். சோங்கின் முனையிலுள்ள அதிர்வுப்பட்டையைக் கழற்றி, உள்ளே 150 கிராம் ஈயக்குண்டை எபொக்சிப் பசையில் இறுக்கினால் சரிவரும், மொத்தக் கனதி கூடுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் சேர்த்து 8 இறாத்தல் சுகமான எடை. வெறும் துவக்கு 6 இறாத்தலுக்குக் கீழே இருந்தால் தோளில் காவ இனிக்கும். பயிற்சியில் உதைத்து உதைத்து, விசையை இழுக்கும்போதே கண் சிமிட்டும் பழக்கத்தைத் தந்துவிடும்.

ஸ்டொக்கின் நீளம், விசையிலிருந்து சோங்கின் முனைவரை, வழக்கமாக 13.5 அங்குலம். நவம்பர்க் குளிர்க்கோட்டுக்கு மேல் அது நீளம். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள், பார்ப்பவர் பார்க்கட்டும். கண்ணை மூடித் தோளில் ஏற்றிக் கண்ணைத் திறந்தால் ஸ்கோப்பின் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். தலையைத் தூக்கினால்தான் தெரிகிறதென்றால் ஸ்டொக்கில் கன்னம் வைக்கும் கன்னமேடு தாழ்வு, அல்லது ஸ்கோப் உயரம் கூட. 50 மில்லிமீற்றர் வில்லையை விட்டு 40 எடுத்தால் தாழ்ந்த வளையம் போடலாம். சவேஜ் 110இன் அக்கியுபிட் ஸ்டொக்கில் நீளத்தையும் கன்னமேட்டையும் துண்டு மாற்றிச் சரிசெய்யலாம்.

வால்நட் மரம் அழகுதான். ஈரத்தில் ஊதி முன்பக்கம் குழலை அழுத்தினால் குறி மாறும். லமினேட் மரம் அசையாது, கனதி கூட. பிளாஸ்டிக்கென்றால் முன்பக்கத்தைக் குழலோடு சேர்த்து நசித்துப் பாருங்கள், முட்டினால் வேண்டாம். எந்த ஸ்டொக்கானாலும் மடித்த தாள் குழலுக்கு அடியால் அக்ஷன் அருகுவரை வழுக்கிப் போக வேண்டும்.

வாங்கும்போது விற்பவர் லைசென்ஸை உறுதிப்படுத்தி ஒரு குறிப்பிலக்கம் எடுப்பார். 2022 மே முதல் இது கட்டாயம். முதல் 20 தோட்டா முடிந்ததும் அக்ஷன் ஸ்குரூக்களை, நிறுவனம் சொன்ன அளவுக்கு, முறுக்குமானியால் திரும்ப இறுக்குங்கள். பூச்சியம் பிடிப்பது, அதாவது சன்னம் விழும் இடத்துக்கு ஸ்கோப்பைச் சரிசெய்வது, அதற்குப் பிறகு.