முட்டம்போவுக்காகச் சில பக்கங்கள்

2024 செப்டம்பர் 30, திங்கள், வெள்ளவத்தை

கூடைப்பந்தாட்ட வீரர் டிக்கெம்பே முட்டம்போ காலமானார் என்ற செய்தி இன்றிரவு வந்து சேர்ந்தது. வயது 58. 2022 ஒக்டோபரில் அவருடைய மூளையில் கட்டி இருப்பது தெரியவந்து சிகிச்சை பெற்று வந்தவர் என்பதால், இது எதிர்பாராத செய்தி என்று சொல்ல முடியாது. ஆனாலும் சோறு இறங்கவில்லை. நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகளிடம் பிடித்த கூடைப்பந்தாட்ட வீரர் யாரென்று கேட்டால், புள்ளிகளைக் குவித்தவர்களின் பெயரே வரும். எதிரணியின் பந்து கூடைக்குள் விழாமல் பார்த்துக்கொள்வதையே தொழிலாகக் கொண்டு 18 பருவங்கள் என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடரில் நிலைத்து நின்ற ஒருவரைப் பற்றி நான்கு வரியாவது எழுதி வைக்க வேண்டும்.

ஒக்டோபர் 2, புதன்

எல்லா அஞ்சலிகளிலும் அந்தச் சுட்டுவிரல்தான். எறியப்பட்ட பந்தைத் தட்டிவிட்டு, சின்னப் பிள்ளையைக் கண்டிப்பதுபோல் விரலை இடமும் வலமும் ஆட்டுவார். எதிராளியின் முகத்துக்கு நேரே ஆட்டினால் தண்டனை என்று வந்தபின், பார்வையாளர் பக்கம் திரும்பி ஆட்டினார். "சேர், இவருக்கு ஏன் இவ்வளவு பெருமை?" என்று இன்று பயிற்சிக்கு வந்த ஒரு பிள்ளை கேட்டாள்.

பெருமைக்குக் காரணம் இருக்கிறது. புளொக் செய்வது, அதாவது எறியப்பட்ட பந்தைக் கூடையை எட்டுமுன் தட்டிவிடுவது, உயரமானவர்களுக்கு வாய்த்த இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். எறிந்த பந்து மேலே ஏறும்போதுதான் அதைத் தொடலாம். கூடையை நோக்கி இறங்கத் தொடங்கிய பின் கை பட்டால் எதிரணிக்குப் புள்ளி போய்விடும். ஆகவே எறிபவரின் தோளையும் மணிக்கட்டையும் பார்த்து, அவர் பாய்ந்த பிறகே தான் எழ வேண்டும். முந்தினால் ஏமாற்றப்படுவோம், பிந்தினால் தவறு ஆட்டம். இந்தக் கணக்கை 3,289 முறை சரியாகப் போட்டவர் முட்டம்போ. அவருக்கு மேலே இருப்பவர் 3,830 புளொக்குகள் செய்த ஹக்கீம் ஒலாஜுவான் ஒருவரே. 1995, 1997, 1998, 2001 ஆகிய நான்கு ஆண்டுகளில் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதும் முட்டம்போவுக்கே கிடைத்தது. ஆனால் அவர் நிற்பதைக் கண்டு கூடைப் பக்கமே வராமல் திரும்பியவர்களை எந்தப் புள்ளிவிவரமும் எண்ணவில்லை. அவருடைய உண்மையான சம்பாத்தியம் அதுதான் என்பது என் கட்சி.

பந்தைப் பார்வையாளர் பக்கம் அறைந்து அனுப்புவதில் அவருக்கு இருந்த ஆசையை மட்டும் நான் ஏற்பதில்லை. வெளியே போன பந்து மறுபடியும் எதிரணியின் கைக்கே வரும்.

ஒக்டோபர் 3, வியாழன்

நவராத்திரி தொடங்கிவிட்டதால் பிள்ளைகளில் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்களுக்கு அவருடைய படிப்பைப் பற்றிச் சொன்னேன். கொங்கோவின் கின்ஷாசாவில் 1966இல் பிறந்தவர், 1987இல் வைத்தியராகும் எண்ணத்தோடு அமெரிக்காவின் ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 7 அடி 2 அங்குல உயரத்தைக் கண்ட பயிற்சியாளர் ஜோன் தொம்ஸன் அவரை அணிக்குள் இழுத்துக்கொண்டார். மருத்துவம் கைநழுவினாலும், மொழியியலிலும் இராஜதந்திரத் துறையிலும் பட்டம் பெற்றே வெளியேறினார். உயரமான பிள்ளையை 'நெட்டைக் கொக்கு' என்று கேலி செய்யும் ஊர் நம்முடையது. வலைப்பந்தாட்டத்தில் நெடிதுயர்ந்த தர்ஜினி சிவலிங்கம் வந்த பிறகுதான் யாழ்ப்பாணத்துத் தாய்மார் சிலராவது அந்த வாயை மூடினார்கள்.

ஒக்டோபர் 6, ஞாயிறு

1994ஆம் ஆண்டு வெளியேற்றுச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தை மறுபடி பார்த்தேன். அந்தப் பருவத்தில் 63 வெற்றிகளோடு முதலிடத்தில் இருந்த சியாட்டில் அணியிடம் முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்ற, முட்டம்போ அப்போது ஆடிய டென்வர், அடுத்த இரண்டையும் தன் மண்ணில் வென்று, கடைசி ஆட்டத்தை மேலதிக நேரத்தில் 98–94 என முடித்தது. எட்டாம் இடத்து அணியொன்று முதலிடத்து அணியை வெளியேற்றியது அதுவே முதல் தடவை. ஐந்து ஆட்டங்களிலும் சேர்த்து முட்டம்போ 31 புளொக்குகள் செய்தார். கூடையில் விழாமல் திரும்பிய கடைசிப் பந்தை (ரீபவுண்ட்) பிடித்தவர் அப்படியே தரையில் மல்லாந்து விழுந்து, பந்தை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் பற்றிக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறார். யாராவது வந்து பறித்துவிடுவார்களோ என்ற பயம் அந்தப் பிடியில் இன்னும் இருக்கிறது.

ஒக்டோபர் 9, புதன்

அவருடைய தாயார் பியாம்பா மரி நோயுற்றபோது, கின்ஷாசாவின் தெருக்கள் மோதல்களால் அடைபட்டிருந்தன. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் வீட்டிலேயே உயிர் பிரிந்தது. ஊரடங்கையும் சோதனைச் சாவடியையும் கண்ட குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெளிநாட்டில் கோடிக்கணக்கில் உழைக்கும் மகன் இருந்தும் ஒரு வாகனம் வாசலுக்கு வர முடியாத இரவு எப்படியிருக்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். இப்படி இழந்தவர்கள் பலர் தாய்நாட்டுப் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை, அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. முட்டம்போ அதே நகரில் தாயின் பெயரில் 300 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைக் கட்டி 2007இல் திறந்தார். செலவான 2.9 கோடி டொலரில் ஏறத்தாழப் பாதி அவருடைய சொந்தப் பணம். நிதி சேர்ப்பதற்குப் பட்ட பாட்டையும் சேர்த்துப் பார்த்தால், விளையாட்டை விட இதற்கே அதிகம் பாடுபட்டிருக்கிறார் என்று தோன்றுகிறது.

ஒக்டோபர் 13, ஞாயிறு

விடாத மழை, மைதானத்தில் தண்ணீர் நிற்கிறது. குறைகளையும் எழுத வேண்டும் அல்லவா? அவருடைய முழங்கைகள் எத்தனையோ பேரின் முகங்களைப் பதம் பார்த்தவை. சம்பியன் பட்டம் ஒருமுறையும் கிட்டவில்லை. 2001 இறுதிச் சுற்றில் பிலடெல்பியாவுக்காக லேக்கர்ஸ் அணியின் ஷக்கில் ஓ'நீலுக்கு எதிரே நின்றார். முதல் ஆட்டத்தை வென்ற பிலடெல்பியா அடுத்த நான்கையும் தோற்றது.

எனக்குப் பிடித்தது பலர் மறந்துவிட்ட 2008. அவர் அப்போது ஆடிய ஹியூஸ்டன் அணி தொடர்ச்சியாக 22 ஆட்டங்களை வென்ற அந்தப் பருவத்தில், 12ஆவது வெற்றிக்குப் பின் அணியின் மைய வீரர் யாவ் மிங் காயத்தால் விலக, 41 வயது முட்டம்போ அவருடைய இடத்துக்கு வந்தார். மிச்சப் பத்து வெற்றிகளும் அப்படி வந்தவை. முழங்கால்கள் தேய்ந்து பாய்ச்சல் குறைந்த அந்த வயதில், எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருந்தே சமாளித்தார். மைதானம் காயும்வரை பிள்ளைகளுக்கு அந்த ஆட்டங்களைப் போட்டுக் காட்டுவேன்; அவர் பாய்வதைப் பார்க்க வேண்டாம், பந்து வருமுன் அவருடைய கால்கள் எங்கே போகின்றன என்று பார்க்கச் சொல்வேன்.