சிட்னியில் அறை தேடும் நேபாள மாணவர்களுக்கு

காத்மாண்டுவில் வாடகை மாதக் கணக்கு. சிட்னியில் வாரக் கணக்கு. வாரம் 250 டாலர் என்றதும் நாலால் பெருக்கி ஆயிரம் என்று பட்ஜெட் போட்டால் இடிக்கும். வருஷத்துக்கு 52 வாரம். 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் மாதம் 1,083 டாலர். கரண்ட், இன்டர்நெட் அதில் சேர்த்தியா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

நேபாளிகள் அதிகம் இருப்பது ராக்டேல், கோகரா, ஹர்ஸ்ட்வில் பக்கம். மேற்கே ஆபர்ன், கிரான்வில். மோமோ பக்கத்தில் கிடைக்கிறதே என்று ராக்டேலில் அறை எடுத்துவிட்டு, கல்லூரி பாரமட்டாவில் என்றால் தினமும் ரயில் மாறி மாறி அலைய வேண்டும். முதலில் கல்லூரி, அப்புறம் வேலை, கடைசியில்தான் மோமோ.

பெரிய சிக்கல் பகிர்வு அறைகளில். நேபாளியில் அண்ணனுக்கு 'தாய்' என்று பெயர் (நம் காதுக்கு அம்மா!). வீட்டை எடுத்திருக்கும் 'தாய்' ஒருவர் தன் பொறுப்பில் நாலு பேரைச் சேர்ப்பார். நம்ம ஆள்தானே என்று காகிதம் கேட்பதில்லை. வீட்டு ஒப்பந்தத்தில் உங்கள் பெயரும் இல்லை, அவரோடு எழுத்து ஒப்பந்தமும் இல்லை என்றால், சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டப்படி வாடகைதாரருக்கான பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. இரண்டு பக்க ஒப்பந்தம் கேட்பதில் உறவு கெடாது. கெட்டால் அந்த அறை வேண்டாம். முறையான ஒப்பந்தத்தில் முன்பணம் நாலு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதுவும் அரசு அமைப்பான ஃபேர் டிரேடிங்கில் கட்டப்பட வேண்டும், யார் பாக்கெட்டிலும் இருக்கக் கூடாது.

ஊரிலிருந்தபடியே வாட்ஸாப் ஃபோட்டோ பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். முதல் இரண்டு வாரத்துக்கு ஹாஸ்டல் போட்டுக்கொண்டு, இறங்கி நேரில் பாருங்கள். ஹாலைத் திரை போட்டுத் தடுத்து 'அறை' என்று காட்டுவதெல்லாம் ஃபோட்டோவில் தெரியாது.

இன்னொன்று. குளிருக்குத் தெற்கு ஜன்னல் தேடுவது நேபாளப் பழக்கம். ஆஸ்திரேலியாவில் வெயில் வடக்கிலிருந்து வரும். தெற்கு பார்த்த அறைக்கு ஜூலையில் வெயிலே எட்டாது. அலமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். அலமாரியை இழுத்துப் பாருங்கள். இருந்தால் படமெடுத்து, குடியேறும்போது தரும் நிலை அறிக்கையில் (வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று பதியும் படிவம்) எழுதி 7 நாளுக்குள் திருப்பிக் கொடுங்கள். எழுதாமல் விட்டால், காலி செய்யும்போது அது நீங்கள் வளர்த்த பூஞ்சை.