சிறிய அறைக்குள் ஒரு கச்சேரி

நான் பாட்டுக் கேட்கும் அறையின் நீளம் 3.4 மீட்டர்; சுற்றிலும் சிமெண்ட் பூச்சுச் சுவர், கீழே வழவழப்பான டைல்ஸ். கைதட்டினால் கிணுகிணுவென்று எதிரொலிக்கும். மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்) ஒலி மூலையில் தேங்கிக் கும்மென்று நிற்கும்.

நான் நாற்காலியில் அமர்ந்திருக்க, என் மகன் பக்கச் சுவரை ஒட்டி ஒரு கண்ணாடியை மெல்ல நகர்த்தினான்; அதில் ஸ்பீக்கர் தெரிந்த இடங்களில்தான் ஒலி சுவரில் பட்டு என் காதுக்குத் திரும்பும் என்பதால் அவற்றைப் பென்சிலால் குறித்து, 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள ராக்வூல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) பலகைகளைப் பருத்தித் துணியில் சுற்றி அங்கே மாட்டினோம். அன்று மாலையே பாடகரின் குரல் நடுவில் வந்து நின்றது. ஆனால் ஒலி நொடிக்கு 343 மீட்டர் செல்வதால், இந்த நீளத்தில் ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸில் தேங்கும் அலையின் நீளம் அறையைப் போல் இரு மடங்கு, 6.8 மீட்டர்; மெல்லிய நுரைப்பஞ்சால் அதைத் தொடக்கூட முடியாது, மூலைகளில் தரையிலிருந்து கூரைவரை கனமாக அடுக்கினால்தான் ஓரளவு அடங்கும்.

எல்லாவற்றையும் பஞ்சால் மூடினால் இசையின் உயிர்ப்பே போய்விடும் என்பதால், பின்சுவரில் ஒலியைச் சிதறடிக்கும் மரப்பலகை வைத்தேன். ஜெர்மன் இயற்பியலாளர் மான்ஃபிரெட் ஷ்ரோடர் 1970-களில் எண்கோட்பாட்டிலிருந்து வகுத்த முறை அது: பலகையில் அடுத்தடுத்து வரும் 7 பள்ளங்களின் ஆழ விகிதம் 0, 1, 4, 2, 2, 4, 1. தலைக்கு மிக அருகில் வைத்தால் அது பயன்தராது என்பதால், நாற்காலியை ஒரு மீட்டர் முன்னே நகர்த்திவிட்டேன்.