முட்டைக்கோழித் தீவனம்: நைசா, கொரகொரப்பா?

திருவையாறு பக்கம் கொல்லையில் கிராமப்பிரியா என்ற முட்டையினக் கோழிகள் வளர்க்கிறேன். இந்தக் குறுவைப் பருவத்தில் தீவனத்தில் வேறெதையும் மாற்றாமல் அரைக்கும் பதத்தை மட்டும் மாற்றிப் பார்த்தேன். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு, தாது உப்பு எல்லாம் பழைய அளவுதான்.

நைசாக அரைத்தபோது தொட்டியின் அடியில் எந்நேரமும் தூள் தங்கிக் கிடந்தது. கோழி அலகுக்கு வாகான துணுக்கைத்தான் முதலில் கொத்தும். வைட்டமினும் தாது உப்பும் இருப்பதோ அந்தத் தூளில். அதன்மேலேயே புதுத் தீவனத்தைக் கொட்டினால் பலமுள்ள கோழி சோளத்தைப் பொறுக்கிக்கொள்ளும், ஒதுங்கி நிற்கும் கோழிக்குத் தூள்தான் மிஞ்சும்.

மில்லில் சல்லடையை மாற்றச் சொல்லி ரவையை விடச் சற்றுப் பெரிதாக உடைத்து வாங்கினேன். தின்றதை அரைக்கும் தசைப்பையான அரைவைப்பைக்கும் அப்படித்தான் வேலை வேண்டும். கொரகொரப்பான தீவனம் தின்றால் அந்தத் தசை நன்கு வலுப்படும். ரொம்பப் பெரிதாகப் போனால் பொறுக்கல் கூடிவிடும். அப்புறம், மதியம் தொட்டி காலியாகும்வரை புதிதாகப் போடுவதில்லை. அடித்தூளில் தண்ணீர் தெளித்துப் பிசிறி வைத்தால் வழித்துத் தின்கின்றன. சீக்கிரம் தின்று தீர்க்கும் அளவுதான் பிசிற வேண்டும். நம் ஆற்றுப் பாசன ஊர்களின் ஈரக் காற்றில் மிச்சம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். தவிடும் அப்படித்தான், நாளானால் சிக்கு வாடை வந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் புதிதாக வாங்குவதே நல்லது.

எனக்கு மிகவும் பலன் தந்தது கிளிஞ்சல். ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது, அந்நேரம் கோழி தின்னாது. தூளாக உள்ள கால்சியம் சீக்கிரம் கடந்துபோகும். உடைத்த கிளிஞ்சல் அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் மெல்லக் கரையும். அதனால் சாயங்காலம் தனிக் கிண்ணத்தில் வைக்கிறேன். தேவைப்பட்ட கோழி தானே வந்து கொத்துகிறது. சுடாத கிளிஞ்சலாக இருக்க வேண்டும், நீற்றிய சுண்ணாம்பு கூடவே கூடாது. முட்டையிடும் வயது வராத குஞ்சுகளுக்குக் கிளிஞ்சல் எட்டக்கூடாது, அதிகக் கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஓடில்லாத தோல்முட்டை இப்போது அரிதாகிவிட்டது, ஓடும் கெட்டியாக இருக்கிறது. முட்டை எண்ணிக்கையில் பெரிய ஏற்றமில்லை. கத்திரி வெயிலில் பகலில் தீனி குறையும். அப்போது விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் பிரித்துப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.