மாற்று இசை இதழுக்கு ஓர் அட்டை: ஊடகவியல் செய்முறைப் பணியில் கற்றவை

இங்கிலாந்தில் ஓசிஆர் தேர்வு வாரியத்தின் ஏஎஸ் (பள்ளி இறுதிப் படிப்பான ஏ லெவலின் முதல் ஆண்டு) ஊடகவியல் பாடத்தை 2013-14 கல்வியாண்டில் படித்தேன். ஜி321 என்ற குறியீடு கொண்ட அதன் செய்முறைப் பணியில், முதலில் பயிற்சியாகப் பள்ளி இதழ் ஒன்றின் அட்டையையும், பிறகு முதன்மைப் பணியாகப் புதிய இசை இதழ் ஒன்றின் அட்டை, பொருளடக்கம், இரட்டைப் பக்கக் கட்டுரை ஆகியவற்றையும் உருவாக்க வேண்டியிருந்தது. மொத்தம் 100 மதிப்பெண். ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் 20, உருவாக்கத்துக்கு 60, மாணவர் தன் பணியைத் தானே ஆராய்ந்து எழுதும் மதிப்பீட்டுக்கு 20. படங்களும் எழுத்தும் முழுக்க மாணவருடையவையாக இருக்க வேண்டும் என்பது கண்டிப்பான விதி. அந்தப் பாடத்திட்டம் இப்போது இல்லை. இன்றைய ஏ லெவல் பணி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. ஆனாலும் இசை இதழின் அட்டை கேட்கப்படும்போது நான் செய்த தவறுகளையே பலரும் செய்வதைப் பார்க்கிறேன்.

என் இதழுக்கு நான் தேர்ந்தது மாற்று இசை, அதாவது பெருவணிகப் போக்குக்கு வெளியே நிற்கும் ராக் சார்ந்த இசை. அது என்றதும் கிழிந்த காகிதம், சிதறிய மை, விரிசல் விட்ட எழுத்து என்று என் மனம் ஓடியது. 'கெராங்!' என்ற பிரிட்டிஷ் ராக் இதழின் தலைப்பெழுத்து அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அது 1981இல் 'சவுண்ட்ஸ்' வார இதழின் கடின ராக் சிறப்பிணைப்பாகத் தொடங்கியது. அதன் பெயரே மின்கித்தாரை ஓங்கி மீட்டும்போது எழும் ஒலி. எனவே அந்த விரிசலுக்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் கற்பனை செய்திருந்ததோ மென்மையாகப் பாடும் இருவர் குழு. அவர்களைச் சுற்றி ஐந்து வகை எழுத்துருக்களைக் கொட்டியிருந்தேன். ஆசிரியர் அந்த முதல் வரைவை அச்சிட்டு, நூலக அலமாரியில் மற்ற இதழ்களுக்கு நடுவே செருகிவிட்டு, என்னை ஐந்தடி தள்ளி நிற்கச் சொன்னார். இதழின் பெயரைக்கூட என்னால் படிக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் யாருக்காக இந்த இதழ் என்று யோசித்தேன். பதினேழு வயதில், பழைய இசைத்தட்டுக் கடைகளில் மணிக்கணக்கில் நிற்கிற, சிறு அரங்கக் கச்சேரிகளுக்குப் போகிற ஒருவரை வாசகராக எழுதி மேசைமேல் ஒட்டிக்கொண்டேன். 'என்எம்இ', 'கியூ', 'கெராங்!' ஆகிய பிரிட்டிஷ் இசை இதழ்களின் பன்னிரண்டு அட்டைகளை அளவுகோல் வைத்து அளந்தேன். தாறுமாறாகத் தெரிந்த அட்டைகளிலும் வரிகள் ஒரே ஓரத்தில் நேராக நின்றன. அழுத்தமான சொற்கள் இடது பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் இருந்தன, ஏனெனில் கடையில் இதழ்கள் ஒன்றை ஒன்று பாதி மறைக்கும்படி அடுக்கப்படும்போது வெளியே தெரிவது அந்தப் பகுதிதான். மரபை உடைத்தவர் என்று அமெரிக்க வடிவமைப்பாளர் டேவிட் கார்சனைச் சொல்வார்கள். 'ரே கன்' என்ற இசை இதழில் சலிப்பூட்டிய ஒரு நேர்காணலை 1994இல் வெறும் குறியீடுகளாலான எழுத்துருவில் அச்சிட்டவர் அவர். அவரைப் போலச் செய்ய விரும்புகிறவர்கள், எந்த மரபை எதற்காக உடைக்கிறோம் என்று மதிப்பீட்டில் எழுத முடிந்தால் மட்டும் செய்யுங்கள்.

படம் எடுப்பதற்குப் பாதி நாளாவது ஒதுக்குங்கள். நேர் வெயில் விழாத சன்னல் அருகே தோழியை நிறுத்தி, மறுபுறம் கறுப்புத் துணி தொங்கவிட்டபோது முகத்தின் ஒரு பக்கம் அழகாக இருண்டது. ஆனால் தலைக்கு மேல் இடம் விடவில்லை. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படம், அகலத்தோடு ஒப்பிட்டால், ஏ4 தாளைவிடச் சற்று நீளமானது. பொருத்தும்போது உயரத்தில் கொஞ்சம் வெட்டுப்படும். இதழின் பெயர் நேராக நெற்றியில் வந்து உட்கார்ந்ததால் முழுவதையும் மறுபடி எடுத்தேன். தலைமுடி பெயரின்மேல் படியுமாறு மாஸ்க் செய்தபோது (படத்தின் பின்னணியை மென்பொருளில் மறைத்தபோது) ஓரங்களில் வெள்ளைக் கோடு மிஞ்சியது. இருநூறு சதவீதம் பெரிதாக்கி, சிறு தூரிகையால் அதைக் களைய ஒரு மாலை முழுவதும் ஆனது.

கோப்பைத் தொடங்கும்போதே 216 x 303 மி.மீ. அளவு வையுங்கள், ஏ4 தாளைச் சுற்றி நாற்புறமும் வெட்டுவதற்கான 3 மி.மீ. அதில் அடங்கும். அடர்த்தி அங்குலத்துக்கு 300 புள்ளிகள், வண்ணமுறை அச்சின் நான்கு மைகளுக்கான சிஎம்ஒய்கே. திரையில் மின்னிய என் நீலம் அச்சில் மங்கிய ஊதாவாக வந்தது. பார்கோடு வரைவதானால், பருவ இதழ்களின் எண் 977 என்று தொடங்குவதைக் கவனியுங்கள்.

மதிப்பீட்டில் ஏழு கேள்விகள். எந்த நிறுவனம் இதை வெளியிடும் என்ற மூன்றாவது கேள்விக்கு, "ஒரு பெரிய நிறுவனம்" என்று முதலில் எழுதியிருந்தேன். அப்போது 'கெராங்!', 'கியூ' இரண்டும் பாவர் நிறுவனத்திடமும் 'என்எம்இ' ஐபிசியிடமும் இருந்தன. சிறு அரங்கக் குழுக்களுக்கான என் இதழ் அவர்களுடையவற்றோடு எங்கே மோதும், எங்கே மோதாது என்று விளக்கிய பிறகே விடைக்கு உயிர் வந்தது. பயிற்சிப் பணியான பள்ளி இதழிலிருந்து எவ்வளவு முன்னேறினீர்கள் என்பது கடைசிக் கேள்வி. அதைப் படிப்படியாகக் காட்ட வரைவுகள் வேண்டும். ஆனால் ஒரே கோப்பின்மேல் திரும்பத் திரும்பச் சேமித்திருந்ததால் என் இடைப்பட்ட வரைவுகள் எல்லாம் அழிந்திருந்தன. நூலக அலமாரியில் செருகிய அந்த முதல் பிரதி மட்டும் ஆசிரியரின் மேசை இழுப்பறையில் கிடந்தது. அதைப் படமெடுத்து, பள்ளி இதழின் அட்டைக்கும் இறுதி அட்டைக்கும் நடுவே வைத்துத்தான் அந்த விடையை எழுதினேன். நீங்கள் ஒவ்வொரு நாளும் புது எண்ணிட்டுச் சேமித்துவிடுங்கள்.