மார்டினி-ஹென்றிக்கு ஓர் அச்சு: நான்கு ரீமர், இரண்டு அச்சு, ஒரு பழைய துப்பாக்கி

பழந்துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பொதுவான வருத்தம் உண்டு. இரும்பு நூற்றைம்பது ஆண்டு தாங்கும். தோட்டாதான் கிடைக்காது. என்னிடம் இருப்பது மார்டினி-ஹென்றி. 1871இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட வகை. இதன் தோட்டாவுக்கு .577/450 என்று பெயர். அடி பெருத்து, தோள் சரிந்து, கழுத்து குறுகிய புட்டி வடிவம். தொடக்கத்தில் இதன் கூட்டை, அதாவது மருந்தையும் குண்டையும் தாங்கும் உறையை, பித்தளைத் தகட்டைச் சுருட்டியே செய்தார்கள். சுட்ட சூட்டில் அது துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள் ஒட்டிக்கொள்வதும், இழுக்கும்போது கிழிவதும் சிப்பாய்களுக்குத் தலைவலியாக இருந்தது. முழுப் பித்தளையில் இழுத்துச் செய்த கூடு பிறகுதான் வந்தது.

இன்று இதற்குக் கூடு வேண்டுமானால், 24 கேஜ் பித்தளை வேட்டைத் தோட்டாக் கூட்டை வாங்கிக் கழுத்தை நெருக்கிக்கொள்வது பலரும் செய்யும் வழி. நெருக்குவதற்கு ஓர் அச்சு வேண்டும். அதை நானே கடைந்து பார்த்த கதை இது. மருந்து, குண்டு, கேப் பற்றி இதில் ஒன்றும் இல்லை. வெறும் கூடு மட்டும். உரிமச் சட்டம் இடத்துக்கு இடம் வேறு. அதைப் பார்த்த பிறகே அரத்தைத் தொட வேண்டும்.

முதல் வேலை, அறையை அளப்பது. புத்தகத்தில் அளவு இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துத் துப்பாக்கிகளின் அறைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. செரோசேஃப் என்ற உலோகக் கலவையை உருக்கி அறைக்குள் வார்த்தேன். 70 முதல் 88 டிகிரிக்குள் உருகிவிடும். வெந்நீர்ப் பாத்திரமே போதும். அதில் காட்மியம் இருப்பதால் சன்னலைத் திறந்து வைத்தேன். வார்ப்பு முதல் அரை மணி நேரம் சுருங்கும், பிறகு விரியத் தொடங்கும், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அறையின் சரியான அளவுக்கு வந்து நிற்கும். இது தெரிந்திருந்தும் முதல் நாள் அவசரத்தில் இருபதாவது நிமிடத்திலேயே மைக்ரோமீட்டரை வைத்துவிட்டேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். ஒரு மணி நேர அளவு: அடியில் 17.05 மி.மீ., தோளுக்குச் சற்று முன் 16.10, கழுத்தில் 12.55.

அடுத்து, அச்சின் வெளிவடிவம். கூடுகளை மறுபடி பயன்படுத்த உதவும் வழக்கமான ரீலோடிங் பிரஸ்ஸில் 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 புரி கொண்ட அச்சுதான் பொருந்தும். அந்தத் திருகின் அடிவிட்டம் சுமார் 20 மி.மீ. உள்ளே 17 மி.மீ. துளை போட்டால் சுவருக்கு மிஞ்சுவது ஒன்றரை மி.மீ. தொழிற்சாலையில் நல்ல எஃகில் பதம் வைத்துச் செய்வார்கள், தாங்கும். என் மென்னெஃகு தாங்கும் என்று நான் நம்பவில்லை. அதோடு என் லேத் (கடைசல் எந்திரம்) மெட்ரிக் வகை. 14 புரி வெட்ட 127 பல் சக்கரம் வேண்டும். அது என்னிடம் இல்லை. எனவே திருகையே விட்டுவிட்டு, 40 மி.மீ. உருளையில் அச்சைக் கடைந்து, மேசையில் இருக்கும் கைப்பிரஸ்ஸால் கூட்டை உள்ளே அழுத்துவது, மறுபக்கத்திலிருந்து கம்பியால் தட்டி எடுப்பது என்று முடிவு செய்தேன். மெதுவான முறைதான், யாருக்கு அவசரம்?

துளைக்கு ரீமர் வேண்டும், துளையைச் சீவிச் சரியான வடிவுக்குக் கொண்டுவரும் கருவி. சில்வர் ஸ்டீல் என்ற, பதம் ஏற்கும் எஃகுக் கம்பியில் கூட்டின் வடிவத்தைக் கடைந்து, பாதியை நீளவாக்கில் அராவி எடுத்துவிடும் 'டி' வடிவ ரீமர்தான் வீட்டு லேத்துக்கு ஏற்றது. 34 மி.மீ. நீளத்தில் விட்டம் 0.95 மி.மீ. குறைய வேண்டும். சாய்வு ஒரு பாகைக்கும் குறைவு. லேத்தில் வெட்டுளியைச் சாய்வாக நகர்த்தும் காம்பவுண்டு ஸ்லைடில் பொறித்திருக்கும் பாகைக் கோடுகளை நம்பி இதை வைக்க முடியாது. டயல் காட்டியை வைத்து, ஸ்லைடு 20 மி.மீ. நகரும்போது முள் 0.28 நகரும்படி தட்டித் தட்டிச் சரி செய்தேன். அரை நாள் அதிலேயே போயிற்று. இந்த வேலையில் எனக்குப் பிடித்த அரை நாளும் அதுதான்.

முதல் ரீமரைப் பழுக்கக் காய்ச்சி நீரில் விட்டபோது சாய்வாக விட்டுவிட்டேன். ஒரு பக்கம் முன்னால் குளிர்ந்து, வாழைக்காய் போல வளைந்துவிட்டது. இரண்டாவதைச் செங்குத்தாக விட்டேன், நேராக வந்தது. ஆனால் அதை அராவும்போது பாதிக்குக் கீழே 0.1 மி.மீ. போய்விட்டிருந்தேன். பாதியைவிட ஒரு மயிரிழை கூடுதலாக இருந்தால்தான் ரீமரின் முதுகு துளைச் சுவரில் சாய்ந்து தன்னைத் தாங்கிக்கொள்ளும். குறைந்தால் அலையும். அலைந்தது, துளைக்குள் படிப்படியாக வரிகள். மூன்றாவது ரீமர் நன்றாக வெட்டியது. முதலில் படிப்படியாகத் துளையிட்டுப் பெரும்பகுதி உலோகத்தை எடுத்துவிட்டு, மெதுவான சுழற்சியில், நிறைய எண்ணெய் விட்டு, ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் வெளியே இழுத்துச் சீவலைத் துடைத்தேன்.

உப்புத்தாளால் மெருகேற்றி, அச்சு கண்ணாடி போல மின்னியது. வார்ப்பு அதற்குள் மெத்தென்று இறங்கி உட்கார்ந்தது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் அந்த அச்சில் அழுத்தி எடுத்த கூடு துப்பாக்கிக்குள் போகவில்லை.

யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. பித்தளை அழுத்தத்தை விட்டதும் கொஞ்சம் திரும்பி விரியும். அச்சு அறையின் அளவிலேயே இருந்தால், வெளியே வரும் கூடு அறையைவிடப் பெரியது. என் கூடுகள் கழுத்தை அடுத்த பகுதியில் 0.08 மி.மீ. வரை திரும்பியிருந்தன. அறையை அவ்வளவு கவனமாக வார்த்து அளந்ததே, அதை அப்படியே நகலெடுக்கும் தவறுக்கு என்னைக் கொண்டுபோய் விட்டது. அச்சு அறையின் பிரதி அல்ல. அறையைவிடச் சற்று இறுக்கமான வேறொரு பொருள்.

குறுக்கு வழி ஒன்று தோன்றியது. துளை சாய்வாக இருப்பதால், அச்சின் வாய்ப்பக்கத்தைச் சீவினால் கூடு இன்னும் குறுகலான பகுதிக்குள் போகுமே! கணக்குப் போட்டேன். விட்டத்தில் 0.1 குறைய 3.6 மி.மீ. சீவ வேண்டும். ஆனால் கழுத்தும் தோளும் அதே 3.6 மி.மீ. கீழே இறங்கிவிடும். அப்படிப்பட்ட கூடு வேறு எந்தத் துப்பாக்கிக்கோ பொருந்தலாம். நான்காவது ரீமரைக் கடைந்தேன்: 16.95, 16.00, கழுத்து 12.42. புதிய உருளை, புதிய அச்சு.

கழுத்து தனிக்கதை. கிட்டத்தட்ட 4 மி.மீ. நெருக்க வேண்டும்; ஒரே தள்ளில் செய்தால் வாய் சுருக்குப்பையாகிவிடும். இரண்டு கூடுகளைப் பலி கொடுத்து அதைக் கற்றேன். பிறகு 15, 13.6 என்று இரண்டு இடைவளையங்கள் கடைந்து, ஒவ்வொரு படிக்கும் இடையில் கழுத்தைச் சூடாக்கி இளக்கினேன். கூட்டின் அடியை நீருள்ள தட்டில் நிற்கவைத்து, கழுத்தை மட்டும் தீயில் காட்டி, நிறம் மாறியதும் நீரில் சாய்த்துவிடுவது. எஃகைப் போல நீரில் விட்டால் பித்தளை கடினமாகாது. அடிப்பகுதிக்குச் சூடு ஏறாமல் தடுக்கத்தான் நீர். அடி இளகிவிட்ட கூடு குப்பைக்கு. இளக்கிய பிறகு திரும்பி விரிவதும் குறைந்தது.

மசகுக்குக் கம்பளிக் கொழுப்பு. அதிகம் பூசினால் தோளில் குழி விழுகிறது; எண்ணெய்க்குப் போக இடமில்லை, பித்தளையைத்தான் தள்ளும். குறைவாகப் பூசிய ஐந்தாவது கூடு அச்சுக்குள் சிக்கிக்கொண்டது. கம்பியால் அடித்ததில் அடித்தட்டு வெளியே புடைத்ததே தவிர கூடு அசையவில்லை. அச்சோடு சேர்த்து இரவு முழுக்க உறைபெட்டியில் வைத்தேன். பித்தளை எஃகைவிட ஒன்றரை மடங்கு அதிகமாகச் சுருங்கும். காலையில் ஒரே தட்டில் விழுந்தது. அதை எடுத்தபோது நான் போட்ட சத்தத்தில் வீட்டார் விழித்துக்கொண்டார்கள்.

இதுவரை பத்துக் கூடு. இரண்டு சுருங்கின, ஒன்று சிக்கியது, ஒன்றின் கழுத்தில் கீறல். ஆறு கூடு விரலால் தள்ளினாலே அறைக்குள் போய் உட்காருகின்றன, நெம்புகோல் முழுதாக மூடுகிறது. நீளத்தை 60 மி.மீ. அளவுக்கு வெட்ட வேண்டும். அதற்கு நேராகப் பிடிக்கும் ஒரு பிடிப்பு இன்னும் இல்லை. வளைந்த முதல் ரீமர் இரும்புப் பெட்டியில் கிடக்கிறது. அதன் காம்பு இன்னும் நேராகத்தான் இருக்கிறது. அதிலிருந்து அந்தப் பிடிப்பைக் கடையலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.